பல் எடுத்த பிறகு: வாசகர் கேள்விகளும் முகத்தாடை அறுவை மருத்துவரின் பதில்களும்

கடைவாய் ஞானப்பல்லை எடுத்து மூன்று நாள் ஆகிறது. நேற்றுவரை பொறுத்துக்கொள்ள முடிந்தது. இன்று காதுவரை குத்துகிறது. சீழ் பிடித்துவிட்டதா?

காய்ச்சலும் வீக்கமும் இல்லையென்றால் பெரும்பாலும் சீழ் அல்ல. பல் இருந்த குழியில் உறையும் ரத்தம்தான் உள்ளே இருக்கும் எலும்புக்குப் போர்வை. அது கரைந்துபோனால் எலும்பு வெறுமையாகிவிடும். இதை 'ட்ரை சாக்கெட்' என்கிறோம். வழக்கமாக இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் வலி கிளம்பும். புகைப்பவர்களுக்கு இது அதிகம். இதற்கு ஆன்டிபயாட்டிக் தேவையில்லை. பல் எடுத்தவரிடமே போங்கள். குழியைக் கழுவி, கிராம்பு எண்ணெய் கலந்த மருந்தை வைத்தால் வலி விரைவில் தணியும்.

அப்பாவுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. பல் எடுக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் இரண்டையும் ஐந்து நாள் நிறுத்தச் சொல்கிறார்கள். நிறுத்தலாமா?

ரத்தம் உறையாமல் தடுக்கும் இந்த மாத்திரைகளைத் தயவுசெய்து நீங்களாக நிறுத்தாதீர்கள். இந்த ஆலோசனை இன்னும் உலவுவது எனக்கு வேதனையாக இருக்கிறது. வாயில் ரத்தம் கசிந்தால் கண்ணுக்குத் தெரியும். பஞ்சை வைத்து அழுத்தலாம், தையல் போடலாம், ரத்தக்கசிவை நிறுத்தும் டிரானெக்சாமிக் அமிலத்தில் நனைத்த துணியைக் கடிக்கச் சொல்லலாம். ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்தால் என்ன செய்வது? ஸ்டென்ட் வைத்துச் சில மாதங்களே ஆகியிருந்தால், அவசரமில்லாத பல்லைத் தள்ளிப்போடுவதே நல்லது. தள்ளிப்போட முடியாவிட்டால், இதய மருத்துவரைக் கேட்டுவிட்டு, காலை நேரத்தில், ஒரு தடவைக்கு ஒன்றிரண்டு பல் மட்டும் எடுக்கலாம். அப்பா வார்ஃபரின் என்ற ரத்த உறைவுத் தடுப்பு மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனை முதலில் வேண்டும்.

அம்மா எலும்பு மெலிவுக்காக ஆண்டுக்கு ஒருமுறை ஊசி போட்டுக்கொள்கிறார். அதைப் பல் மருத்துவரிடம் சொல்ல வேண்டுமா?

கட்டாயம் சொல்லுங்கள். அது சோலெட்ரோனிக் அமிலமாக இருக்கலாம். இந்த வகை மருந்துகள் எலும்பு தன்னைப் புதுப்பித்துக்கொள்வதை மந்தமாக்குகின்றன. அதனால் சிலருக்குப் பல் எடுத்த புண் ஆறாமல், எட்டு வாரம் கடந்தும் தாடை எலும்பு வெளியே தெரியும். 2003இல்தான் மருத்துவ உலகம் இதைக் கவனிக்கத் தொடங்கியது. எலும்பு மெலிவுக்காகப் போட்டுக்கொள்பவர்களுக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. புற்றுநோய்க்காக அதிக அளவில் பெறுபவர்களுக்குக் கூடுதல். பயந்துபோய் ஊசியை விட்டுவிட வேண்டாம். இடுப்பெலும்பு முறிவு இதைவிடக் கொடியது. ஊசி தொடங்கும் முன்பே சொத்தைப் பற்களைச் சரிசெய்துகொள்வதே சிறந்த வழி. அதை எழுதித்தரும் மருத்துவர்களும் இதை நினைவூட்ட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

ஞானப்பல் எடுத்து மூன்று வாரமாகிறது; கீழுதடு இன்னும் மரத்தே இருக்கிறது.

பல்லின் வேருக்கு அருகே ஓடும் நரம்பு நசுங்கியிருக்கலாம். பலருக்குச் சில மாதங்களில் உணர்ச்சி திரும்புகிறது. ஆனால் வீட்டிலிருந்தபடி காத்திருக்காதீர்கள். மரத்த பகுதியை மருத்துவர் இப்போதே அளந்து குறித்தால்தான் அது தேறுகிறதா என்று பின்னால் தெரியும்.

சொத்தைப் பல் வலித்துக்கொண்டிருந்தது. இப்போது நாடிக்கு அடியில் இருபுறமும் கல்லைப்போல் வீங்கி, எச்சில் விழுங்க முடியவில்லை. ஒத்தடம் கொடுக்கலாமா?

வேண்டாம். இதைப் படித்தவுடன் கிளம்புங்கள். தொற்று நாக்குக்கு அடியில் பரவி, நாக்கை மேலே தள்ளி, மூச்சை அடைக்கக்கூடிய நிலை இது. பல் கிளினிக்கில் வரிசையில் உட்கார நேரமில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்கே செல்லுங்கள். வழியில் நோயாளியை மல்லாந்து படுக்கவைக்காமல், நிமிர்ந்து உட்காரவைத்தே கூட்டிச்செல்லுங்கள்.