வாசகர் கேள்விகள்: செப்பலினின் முதல் அல்பம்

கேள்வி: பிரித்தானிய ரொக் குழுவான லெட் செப்பலினின் முதல் அல்பத்தில் வரும் கனத்த கிற்றார் ஓசையை வீட்டில் எடுக்க முயல்கிறேன். லெஸ் போல் வகைக் கிற்றார், 100 வாட் அம்ப், கெயின் (உள்வரும் ஒலியைப் பெருக்கும் திருகு) முழுதாகத் திறந்திருக்கிறது. பதிவில் வெறும் இரைச்சல்தான் விழுகிறது. ஏன்?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: முதலில் கெயினைப் பாதிக்குக் கீழே இறக்குங்கள். 1968 செப்டெம்பர், ஒக்டோபரில் லண்டன் ஒலிம்பிக் ஒலிப்பதிவுக்கூடத்தில் குழுவின் கிற்றார் கலைஞர் ஜிம்மி பேஜ் பெரும்பாலும் வாசித்தது டெலிகாஸ்டர் வகைக் கிற்றார். அம்ப், சுப்ரோ என்ற சிறிய வால்வு அம்ப். கனத்தைக் கொடுத்தது மைக் வைத்த தூரம். ஒரு மைக்கை ஸ்பீக்கரிலிருந்து 5 சென்ரிமீற்றரிலும் மற்றதை 2 மீற்றரிலும் வையுங்கள். தூர மைக்கை 6 முதல் 10 டெசிபல் குறைத்துக் கலந்தால் அறையும் சேர்ந்து ஒலிக்கும்.

சறுக்குவது இங்கேதான். 2 மீற்றரைக் கடக்க ஒலிக்குச் சுமார் 6 மில்லிசெக்கன் பிடிக்கும். பிந்தி வருவது முந்தி வந்ததோடு சேரும்போது சில அதிர்வெண்கள் அடிபட்டு, ஓசை சளிப்பிடித்ததுபோல் மெலியும். மோனோவில் (இரண்டு மைக்கையும் ஒரே தடமாகக் கலந்து) கேட்டுக்கொண்டே தூர மைக்கைச் சிறிது சிறிதாக நகர்த்துங்கள். ஒரு மைக்கின் ஃபேஸை (ஒலியலையின் ஏற்ற இறக்கத்தை) தலைகீழாகத் திருப்பியும் பாருங்கள். தொடர்மாடி வீடுகளில் டைல்ஸ் தரை கணகணக்கும், பாய் விரியுங்கள். மின்விசிறியை நிறுத்த மறக்கவேண்டாம். தூர மைக் அதையும் ஒன்றுவிடாமல் பதியும்.

இன்னொன்று: அல்பம் முழுவதும் சுமார் 36 மணித்தியாலத்தில் முடிந்ததற்குக் காரணம், பாடல்களை அதற்கு முன்பே ஸ்கண்டிநேவிய மேடைகளில் வாசித்துப் பழகியிருந்தார்கள்.

கேள்வி: பாடல்கள் பல மற்றவர்களுடையவை என்கிறார்களே?
– வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: உண்மைதான். அமெரிக்க புளூஸ் இசைப் பாடலாசிரியர் வில்லி டிக்ஸனின் பெயர் அவருடைய பாடல்களுக்கு முதல் பதிப்பிலேயே இருந்தது. 'பேப் ஐம் கோனா லீவ் யூ'வுக்கு அதை எழுதிய ஆன் பிரெடனின் பெயர் 1990இல்தான் சேர்ந்தது. 'டேஸ்ட் அன்ட் கன்ஃபியூஸ்ட்' ஜேக் ஹோம்ஸின் 1967ஆம் ஆண்டுப் பாடலிலிருந்து வந்தது. அவர் 2010இல் வழக்குப் போட்டார், அது சமரசத்தில் முடிந்தது. புளூஸில் கடன் வாங்குவது வழக்கம். பெயரை மறைப்பது வழக்கமல்ல.

கேள்வி: அதே அல்பத்தில் வரும் கிற்றார் இசையான 'பிளாக் மவுண்டன் சைட்'டை மிருதங்கத்தோடு வாசிக்கலாமா?
– வாசகர், பம்பலப்பிட்டி

பதில்: தாராளமாக. பதிவில் விராம் ஜசானி தபேலா வாசித்திருக்கிறார். கிற்றாரை டி-ஏ-டி-ஜி-ஏ-டி என்று கூட்டவேண்டும்: 6ஆம், 1ஆம் தந்திகளை ஈயிலிருந்து டிக்கும், 2ஆம் தந்தியைப் பியிலிருந்து ஏக்கும் இறக்குங்கள். ஆதார சுருதி டி, அதாவது 2 கட்டை. ஆண்குரலுக்கான தாழ்ந்த சுருதி மிருதங்கம் பொருந்தும். கையில் இருப்பது 5 கட்டை மிருதங்கமென்றால் அதைத் தளர்த்தவேண்டாம், நாதம் செத்துவிடும். கிற்றாரின் 5ஆம் கட்டில் (ஃப்ரெட்டில்) கேப்போ என்ற தந்திக் கவ்வியைப் போட்டால் ஆதாரம் ஜிக்கு ஏறும், அதுவே 5 கட்டை. மெல்லிய .010 அங்குலத் தந்திகள் தளர்ந்ததும் கட்டுகளில் உரசிக் கிறுகிறுக்கும்; .012 போடுங்கள். இறக்கும்போது சுருதிக்குச் சற்றுக் கீழே போய், பிறகு மேலே ஏற்றி நிறுத்தினால் தந்தி நழுவாது.