தவளைக்கு உடம்பு உப்பினால்: கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே விஷயம்தான்: நீர்த்தவளைக்கு உடம்பு உப்பிவிட்டது. வளர்ப்பது குள்ளத் தவளையா நகத் தவளையா என்று பாதிப் பேர் சொல்லவில்லை. தண்ணீர் சோதனை எண்களை அநேகமாக யாருமே சொல்லவில்லை. முன்னங்கை விரல்களுக்கு நடுவே சவ்வு இருந்தால் குள்ளத் தவளை. விரல்கள் தனித்தனியாக நின்றால் நகத் தவளை. இதையாவது பார்த்துவிட்டு எழுதுங்கள்.

உப்பியிருக்கிறதா, முட்டை சுமக்கிறதா, வெறுமனே கொழுத்திருக்கிறதா? எப்படித் தெரிந்துகொள்வது?

மேலிருந்து பாருங்கள். முட்டை சுமக்கும் பெண் தவளை இடுப்புப் பக்கம் மட்டும் அகன்று பேரிக்காய் வடிவில் இருக்கும். வழக்கம்போல் நீந்தும், தின்னும். கொழுப்பு வாரக்கணக்கில் மெதுவாக ஏறும். நீர் கோத்தால் ஓரிரு நாளிலேயே எல்லாப் பக்கமும் உருண்டுவிடும். தோல் இழுபட்டு மினுங்கும், தொடைகள் உடம்போடு மடங்காமல் விரிந்து நிற்கும், அடியில் உட்கார முடியாமல் மேலே மிதக்கும். அறையை இருட்டாக்கி, சிறிய டார்ச்சை விலாப் பக்கம் பிடியுங்கள். நீர் என்றால் வெளிச்சம் ஊடுருவி வயிறே ஒளிரும். முட்டை என்றால் கரிய திரளாக மறைக்கும். நேற்று வயிறு முட்டத் தின்ற தவளை என்றால் பதற வேண்டாம், ஒரு நாள் பட்டினி போட்டுப் பாருங்கள்.

குள்ளத் தவளை பந்தாகிவிட்டது. எந்த மருந்து ஊற்ற வேண்டும்? அவசரம்!

எதையும் ஊற்றாதீர்கள். உப்பல் ஓர் அறிகுறிதான், நோய் வேறு எங்கோ இருக்கிறது. தவளை தோல் வழியாக இரவு பகலாக நீரை உள்ளே இழுக்கிறது. அதைச் சிறுநீரகம் வெளியே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். சிறுநீரகமோ, இதயமோ, கல்லீரலோ, நிணநீரை ஓட்டும் நிணநீர் இதயங்களோ தளர்ந்தாலும், ஏரோமோனாஸ் போன்ற பாக்டீரியா தொற்றினாலும், உள்ளே கட்டி வளர்ந்தாலும் வெளியே தெரிவது ஒரே உருண்டை உடம்புதான். எதற்கு என்று தெரியாமல் எதை ஊற்றுவீர்கள்? அதுவும் செம்பு, மாலக்கைட் கிரீன் கலந்த மீன் மருந்துகள் தவளைத் தோலுக்கு நஞ்சு. தனித்தொட்டிக்கு மாற்றுங்கள், பழைய தொட்டியின் தண்ணீரைச் சோதியுங்கள், அடுத்த பதிலைப் படியுங்கள்.

எப்சம் உப்பு "ஒரு ஸ்பூன்" போடச் சொல்கிறார்கள். சரியா?

எத்தனை லிட்டருக்கு? எந்த ஸ்பூன்? எப்சம் உப்பில் இருப்பது மக்னீசியம்; அளவு மீறினால் தசைகள் தளர்ந்துபோகும். மேலே வந்து மூச்சு வாங்க வேண்டிய பிராணிக்கு அது ஆபத்து. நீர் கோத்த தவளைக்கு நான் சொல்வது ரிங்கர் கரைசல். 1 லிட்டருக்கு: அயோடின் சேராத சாதா உப்பு 6.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 0.15 கிராம், சமையல் சோடா 0.2 கிராம், கால்சியம் குளோரைடு 0.15 கிராம். முதல் மூன்றையும் கரைத்துவிட்டு, கால்சியத்தைத் தனியாகக் கொஞ்சம் நீரில் கரைத்துக் கடைசியில் கலக்கிக்கொண்டே ஊற்றுங்கள். கலங்கி வெளுத்தால் கொட்டிவிட்டுத் திரும்பச் செய்யுங்கள். 0.01 கிராம் காட்டும் தராசு இல்லாமல் இதில் இறங்காதீர்கள்.

இந்தக் கரைசலின் உப்புச் செறிவு தவளையின் உடல் நீருக்குக் கிட்டத்தட்டச் சமம். அதனால் புதிதாக நீர் உள்ளே போவது குறையும், சிறுநீரகத்துக்கு ஓய்வு கிடைக்கும். ஏற்கெனவே கோத்ததை இது உறிஞ்சி எடுத்துவிடாது. குள்ளத் தவளைக்கு 5 முதல் 7 செ.மீ. ஆழம் போதும், எட்டி மூச்சு வாங்க வசதியாக இருக்க வேண்டும். தினமும் முழுதாக மாற்றுங்கள். இரண்டு மூன்று நாளில் தோல் தொய்ய ஆரம்பித்தால் நல்லது. இல்லையென்றால் கால்நடை மருத்துவர். திரும்பத் தொட்டியில் விடும்போது ஒரு நாள் பாதிக் கரைசல், பாதித் தொட்டி நீரில் வைத்திருந்துவிட்டு விடுங்கள். நேராகப் போட்டால் நீர் மறுபடி உள்ளே பாயும்.

சுத்தமாக இருக்கட்டும் என்று ஆர்.ஓ. தண்ணீர் மட்டுமே ஊற்றுகிறேன். தொட்டி கண்ணாடி போல் இருக்கிறது. இப்படியும் வருமா?

அந்தத் தண்ணீரே காரணமாக இருக்கலாம். எத்தனை முறை எழுதினாலும் இந்தக் கேள்வி வந்துகொண்டே இருக்கிறது. மனிதன் குடிக்க நல்லது என்றால் தவளை வாழவும் நல்லது என்று யார் சொன்னது? சோடியமும் கால்சியமும் தவளையின் தோல் வழியே சிறிது சிறிதாகக் கசிந்துகொண்டே இருக்கும். இரை கொடுப்பது போக, அந்த இழப்பைச் சுற்றியுள்ள நீரிலிருந்துதான் தோல் திரும்ப எடுத்துக்கொள்கிறது. ஆர்.ஓ. நீரில் எடுக்க என்ன இருக்கிறது? உப்பு குறையக் குறைய உடல் நீரைக் கட்டுப்படுத்தும் வேலை தடுமாறும்.

அடுத்த கோளாறு வடிகட்டியில். கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரேட் ஆக்கும் பாக்டீரியாவுக்குக் கார்பனேட் வேண்டும். கேஎச் (நீரில் உள்ள கார்பனேட்டின் அளவு) 2 டிகிரிக்குக் கீழே போனால் பிஎச் (அமில-கார அளவு) ஒருநாள் பொத்தென்று விழும். 6-க்குக் கீழே அந்த பாக்டீரியா ஏறக்குறைய வேலையை நிறுத்திவிடும். பிறகு அம்மோனியா ஏறும். அம்மோனியாவுக்கு நிறம் கிடையாது, ஆகவே உங்கள் "கண்ணாடி போன்ற" தொட்டியைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. டிடிஎஸ் பேனாவை (நீரில் கரைந்தவற்றை அளக்கும் கருவி) காட்டி வாதாடுகிறவர்களுக்கும் இதே பதில்: அது மொத்தத்தைச் சொல்லும், அதில் கால்சியம் எவ்வளவு நைட்ரேட் எவ்வளவு என்று சொல்லாது.

தொட்டி நீரில் இருக்க வேண்டியது: அம்மோனியா 0, நைட்ரைட் 0, நைட்ரேட் லிட்டருக்கு 20 மி.கி.-க்குள், ஜிஎச் (கால்சியம், மக்னீசியத்தால் வரும் கடினத்தன்மை) 6 முதல் 12 டிகிரி, கேஎச் 4-க்கு மேல். குளோரின் நீக்கிய குழாய்த் தண்ணீரைப் பாதிக்குப் பாதி கலந்தாலே பலருக்கு இது வந்துவிடும். இல்லையென்றால் தாது உப்புக் கலவை சேருங்கள். ஒரே நாளில் மாற்றாதீர்கள். கால் பங்கு நீர் மாற்றமாக, ஒரு வாரத்தில். குழாய்த் தண்ணீரில் குளோரமின் இருந்தால் ஒரு ராத்திரி திறந்து வைப்பதால் போகாது, நீக்கும் திரவம்தான் வேண்டும். ரிங்கர் கலக்க ஆர்.ஓ. தண்ணீர் பிரமாதம். அதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வீடியோ பார்த்து இன்சுலின் ஊசியால் நானே நீரை எடுக்கலாமா?

கூடாது. 4 செ.மீ. உடம்புக்குள் நுரையீரல், கல்லீரல், சிறுநீர்ப்பை எல்லாம் ஊசி நுனிக்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றன. சட்டென்று நிறைய எடுத்தால் அதிர்ச்சியிலேயே போய்விடும்; பிழைத்தாலும் காரணம் உள்ளேயே இருப்பதால் சில நாளில் பழையபடி உப்பும். மருத்துவர் கொஞ்சமாக, மெதுவாக எடுப்பார். எடுத்த நீரை ஆய்வகத்துக்கு அனுப்பி, என்ன பாக்டீரியா, எந்த மருந்து கேட்கும் என்று பார்ப்பதுதான் அதில் பெரிய லாபம். போகும்போது தொட்டி நீர் ஒரு பாட்டிலும் சோதனை எண்களும் கொண்டுபோங்கள்.

சூடு பட்டால் குணமாகும் என்று ஹீட்டரை 30-ல் வைத்தேன்.

இறக்குங்கள். குள்ளத் தவளைக்கு 24 முதல் 26, நகத் தவளைக்கு 18 முதல் 22 டிகிரி. சூட்டில் பாக்டீரியாவும் கொழிக்கும்.

மற்ற தவளைகளுக்குப் பரவுமா?

சிறுநீரகக் கோளாறு, கட்டி என்றால் பரவாது. தொற்று என்றால் பரவும். எது என்று தெரியும்வரை தனித்தொட்டி, தனி வலை, கை கழுவல். ஒரே வாரத்தில் இரண்டாவதும் உப்பினால் முதலில் தண்ணீரைச் சந்தேகப்படுங்கள். எண்களை எழுதி அனுப்புங்கள்.

நேற்று இறந்துவிட்டது. என்ன காரணம்? (வேறு விவரம் எதுவும் இல்லை.)

இதை மட்டும் வைத்து யாராலும் சொல்ல முடியாது. இறந்த தவளையை ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு, குளிர்ப்பெட்டியின் சாதாரணத் தட்டில் வைத்து 24 மணி நேரத்துக்குள் பரிசோதனைக்குக் கொடுத்தால் தெரிய வாய்ப்பு உண்டு. ஃப்ரீசரில் வைத்தால் திசுக்கள் சிதைந்து திசுப் பரிசோதனைக்கு உதவாது.

உப்பியிருக்கும்போது இரை கொடுக்கலாமா?

கேட்டால் கொடுங்கள், வழக்கத்தில் பாதி. தின்னாததைப் பத்து நிமிடத்தில் எடுத்துவிடுங்கள். தனித்தொட்டியில் வடிகட்டி கிடையாது.