கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: தேர்தலில் ஜெயித்த சோஷலிச அரசை வெளிநாட்டார் கவிழ்த்த கதை என்றால் எல்லோரும் சிலியைத்தான் சொல்கிறார்கள். நம்மைப் போன்ற தோட்டத்து மக்களுக்கு அப்படி நடந்ததுண்டா ஐயா?
– வாசகி, நிபோங் திபால்

பதில்: நடந்தது அம்மா, அதுவும் இரண்டு முறை. இடம், தென் அமெரிக்காவில் அன்றைய பிரிட்டிஷ் கயானா. கரும்பு வெட்ட இந்தியாவிலிருந்து கப்பலேற்றப்பட்டவர்களின் வாரிசுகள் அங்கே இருக்கிறார்கள். சென்னையில் கப்பலேறியவர்களும் உண்டு. இன்றும் மாரியம்மனைக் கும்பிடுகிறார்கள்.

1948 ஜூன் 16-ல் என்மோர் தோட்டத்தில் வேலைநிறுத்தம் செய்தவர்களைப் போலீஸ் சுட்டது. ஐந்து பேர் செத்தார்கள். அதே நாளில்தான் இங்கே மலாயாவில், சுங்கை சிப்புட்டில் மூன்று வெள்ளைக்காரத் தோட்டத் துரைமார் கொல்லப்பட்டு, அதைத் தொடர்ந்து அவசரகாலச் சட்டம் வந்தது. அந்த ஐந்து பேரைப் புதைத்த இடத்தில் சபதம் எடுத்தவர் செட்டி ஜெகன். தோட்டத்தில் பிறந்த பல் மருத்துவர்.

1953 ஏப்ரல் தேர்தலில் 24 இடங்களில் 18 அவர் கட்சிக்கு. தொழிலாளி தனக்குப் பிடித்த சங்கத்தை ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கட்டும், முதலாளி அதனோடுதான் பேச வேண்டும் என்று மசோதா கொண்டுவந்தார்கள். பதவியில் இருந்தது 133 நாள். அக்டோபரில் சர்ச்சில் அரசு படையை இறக்கி அரசியல் சட்டத்தையே முடக்கியது. கம்யூனிஸ்டு சதி என்றார்கள்.

அந்த மசோதாவின் அருமை எனக்குத் தெரியும். என் அப்பா சிலாங்கூரில் பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கம் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். சங்கத்தில் சேர்ந்த மறுமாதமே, வேலையை மேற்பார்க்கும் தண்டல் அவருக்கு ஏறி இறங்கச் சிரமமான மேட்டுக்காட்டு மரவரிசையைக் கொடுத்தார். சந்தாச் சீட்டுகளை பிஸ்கட் டின்னில் போட்டு, பரண்மேல் ஒளித்து வைத்திருந்தார். எடுத்துப் பார்த்தால் இன்னும் பால் வாடை அடிக்கும்.

1957-லும் 1961-லும் மக்கள் ஜெகனையே தேர்ந்தெடுத்தார்கள். இம்முறை கென்னடியின் அமெரிக்கா. அமெரிக்க உளவுத்துறையான சிஐஏவின் பணம் அமெரிக்கத் தொழிற்சங்கங்கள் வழியாக உள்ளே போனது. ஜெகன் அரசை எதிர்த்து 1963-ல் நடந்த வேலைநிறுத்தம் 80 நாள் தாக்குப்பிடித்தது அந்தப் பணத்தால்தான். எனக்கு ஆறவே ஆறாதது இது: தொழிலாளியின் ஆட்சியைத் தொழிற்சங்கத்தின் பெயராலேயே அடித்தார்கள். பிறகு பிரிட்டன், கட்சி வாங்கிய ஓட்டு விகிதப்படி இடம் என்று தேர்தல் முறையை மாற்றியது. 1964-ல் அதிக ஓட்டும் 53-ல் 24 இடமும் ஜெகனுக்கு, ஆனால் பெரும்பான்மை இல்லை; இன்னொரு கட்சியோடு கூட்டுச் சேர்ந்த எதிர்க்கட்சித் தலைவர் பர்ன்ஹாமுக்கு ஆட்சி.

கேள்வி: இதை அவர்களே ஒப்புக்கொண்டார்களா?
– அதே வாசகி

பதில்: கென்னடியின் ஆலோசகராக இருந்த ஆர்தர் ஷ்லெசிங்கர் 1990-ல் ஜெகன் முன்னிலையிலேயே வருத்தம் தெரிவித்தார். ஜெகன் மறுபடி ஆட்சிக்கு வந்தது 1992-ல். அப்போது அவருக்கு வயது 74.