டிமென்ஷியா வந்த அப்பாவைப் பார்க்க இப்போது யாருமே வருவதில்லை. அவரை மறுபடி நாலு பேரோடு பழக வைப்பது எப்படி?

என் அப்பாவுக்கு வயது 76. பெரம்பூர் ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். டிமென்ஷியா எனும் மறதி நோயில் ஒரு வகையான அல்சைமர் என்று தெரிந்து நான்கு வருடம் ஆகிறது. ஆரம்பத்தில் நானும் அப்பாவைத்தான் பழக்கப் பார்த்தேன். போட்டோவைக் காட்டி "இது யாரு, சொல்லுங்க" என்று உயிரை எடுப்பேன். பழக்க வேண்டியது பார்க்க வருகிறவர்களை என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது.

வருகிறவர்கள் உட்காருவதற்கு முன்பே கேட்பது, "என்னை யாருன்னு தெரியுதா?" அப்பாவின் முகம் சுருங்கிவிடும். தெரியவில்லை என்று சொல்ல வெட்கம். மெல்ல எழுந்து பாத்ரூம் பக்கம் போய்விடுவார். வந்தவர் காபியைக் குடித்துவிட்டு "பாவம்" என்று கிளம்புவார், அப்புறம் வரமாட்டார். இப்போது வாசலிலேயே சொல்லிவிடுகிறேன்: பேரையும் உறவையும் நீங்களே சொல்லிவிடுங்கள், பழைய கதையை நீங்களே தொடங்குங்கள், ஒரே கேள்வியை ஐந்து தடவை கேட்டாலும் முதல் தடவை மாதிரியே பதில் சொல்லுங்கள். "அண்ணே, நான் பெயின்ட் ஷாப்புல இருந்தேனே, சைக்கிள்ல ஒண்ணா போவோமே" என்று ஆரம்பித்தால் போதும். பேர் வராது, பேச்சு வந்துவிடும்.

அதற்கு நோயை வெளியே சொல்லியாக வேண்டும். தங்கைக்கு வரன் பார்க்கிற நேரம் என்று நாங்கள் ஒரு வருடம் மறைத்தோம். "பார்த்தும் பார்க்காத மாதிரி போறார், திமிரு" என்று அயனாவரம் முழுக்க அப்பாவுக்குக் கெட்ட பேர் வந்ததுதான் மிச்சம். சொன்ன பிறகு, அவர் வழி தவறி நடந்தால் டீக்கடைக்காரரே எனக்கு போன் செய்கிறார்.

அப்பாவை மீட்டது கேரம் போர்டு. காலையில் என்ன சாப்பிட்டோம் என்பது நினைவில்லாத மனிதர், நம்ம ஊர் மரிய இருதயம் 1991-இல் உலக சாம்பியன் ஆனதை இன்னும் சொல்வார். புதிய சம்பவங்களைப் பதிய வைக்கும் மூளைப் பகுதியான ஹிப்போகாம்பஸைத்தான் அல்சைமர் முதலில் பிடிக்கிறது. கை பழகிய வித்தைக்கு மூளையில் வேறு இடம். அது கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்கும் என்று டாக்டர் விளக்கினார். ஞாயிறு காலை பத்து மணிக்கு அவருடைய பழைய கூட்டாளிகள் இரண்டு பேர் வருகிறார்கள். பாயின்ட் எண்ணுவதில்லை. சிவப்புக் காயைப் போட்டுவிட்டு, அடுத்து ஒரு காயை ஃபாலோ போட மறந்தால், "இந்தக் காயைத் தட்டுங்க" என்று ஒருவர் கையைக் காட்டுவார். அவ்வளவுதான். உங்கள் அப்பாவுக்குக் கேரமாக இருக்க வேண்டியதில்லை. பூ கட்டுவது, பஜனை, சீட்டு என்று கை எதற்குப் பழகியதோ அது.

இரண்டு பேருக்கு மேல் வேண்டாம். டிவியை அணைத்துவிடுங்கள். சாயங்காலம் ஆனால் இவர்களுக்குக் குழப்பமும் பதற்றமும் கூடும், அதனால் காலை நேரமே நல்லது. ஒரு ரிசப்ஷனுக்குக் கூட்டிப்போய், மெல்லிசைக் கச்சேரி சத்தத்தில் அப்பா அழுதே விட்டார். இப்போது காலை முகூர்த்தத்துக்கு மட்டும் போகிறோம். ஓரமாக உட்கார்ந்து, முதல் பந்தியில் சாப்பிட்டுவிட்டு வந்துவிடுவோம். வீடியோ கால் எங்களுக்கு ஒத்துவரவில்லை. போனில் தெரிந்த அக்காவுக்கு டம்ளரை நீட்டி "காபி குடிம்மா" என்றார். அக்கா அன்று முழுக்க அழுதாள்.

காதையும் பாருங்கள். லான்செட் மருத்துவ இதழின் 2024 ஆணைய அறிக்கை, டிமென்ஷியா வரும் அபாயத்தைக் கூட்டும், நாம் மாற்றக்கூடிய 14 காரணங்களில் காது மந்தத்தையும் தனிமையையும் சேர்த்திருக்கிறது. எங்கள் வீட்டில் முன்னது பின்னதைக் கூட்டிவந்தது. காது மெஷின் மாட்டிய பிறகு அவர் பேசுவது கூடியது. நன்றாக இருந்தவர் ஓரிரு நாளில் திடீரென்று ஒடுங்கிப்போனால் நோய் முற்றிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்றுகூட அப்படிச் செய்யும், உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

சென்னையில் யாரிடம் கேட்பது என்றால், அண்ணா நகரில் உள்ள ஸ்கார்ஃப் (SCARF) மனநல நிறுவனத்தில் டிமென்ஷியாவுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. முதியோருக்கான 14567 இலவச எண்ணிலும் விசாரிக்கலாம்.

இவ்வளவு செய்தும் சித்தப்பா வருவதில்லை. கூப்பிடுவதை நானும் நிறுத்திவிட்டேன்.

ஞாயிறு மதியம் தூங்கி எழுந்ததும் அப்பா, "இன்னிக்கு யாரும் வரலையே" என்பார். காலையில்தானே வந்தார்கள் என்று நான் வாதாடுவதில்லை. "அடுத்த வாரம் வருவாங்கப்பா" என்பேன்.

"பவுடர் இருக்கான்னு பாரு" என்பார்.