அந்தச் சொல் சாசனத்தில் எங்கே இருக்கிறது? (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

பெங்களூரு கோரமங்கலாவில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கிறேன். இங்கே வீட்டு வேலைக்கு வரும் பெண்களில் சிலர் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரர்கள். கேட்டில் அவர்களிடம் ஆதார் நகல் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். தினமும் செயலியில் புகைப்படம் எடுக்கிறார்கள். திரும்பிப் போகும்போது பையைத் திறந்து காட்டவேண்டும். சங்கக் கூட்டத்தில், "அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டதே" என்றேன். செயலாளர், "அந்தச் சொல் அரசியல் சாசனத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது, காட்டுங்கள்" என்றார். "ஓட்டு வாங்காத ஒன்பது பேர் எழுதினால் அது சாசனம் ஆகிவிடுமா?" என்றார் இன்னொருவர். "அதெல்லாம் அரசாங்கத்துக்கு, நமக்கில்லை" என்றும் ஒரு குரல் வந்தது. எனக்குப் பதில் தெரியவில்லை. விளக்கமாக எழுதுவீர்களா?

ஆர்., பெங்களூரு

அன்புள்ள ஆர்.,

செயலாளர் கேட்டது நியாயமான கேள்விதான். அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகள் பகுதியில் அந்தரங்கம் என்ற சொல் எங்கும் இல்லை. பத்திரிகைச் சுதந்திரம் என்ற சொல்லும் அங்கே இல்லை. பேச்சுரிமை, கருத்துரிமை என்று மட்டும்தான் இருக்கிறது. 1950இல் அன்றைய மதராஸ் அரசு, பம்பாயிலிருந்து வந்த 'கிராஸ் ரோட்ஸ்' என்ற வார இதழ் மாகாணத்துக்குள் நுழையத் தடை விதித்தது. அந்த வழக்கில், கருத்தைச் சொல்லும் உரிமைக்குள் அதைப் பரப்பும் உரிமையும் அடக்கம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதன் மீதுதான் பத்திரிகைச் சுதந்திரம் நிற்கிறது. அதற்குப் பக்க எண் கேட்பவர் இன்று யாருமில்லை.

அந்தரங்க உரிமை அத்தனை எளிதாக வரவில்லை. அது வந்த வழியைப் பார்த்தாலே ஒரு தீர்ப்பு எப்படிச் சாசனச் சட்டமாகிறது என்பது விளங்கிவிடும்.

1954இல் எம்.பி. சர்மா வழக்கு. டால்மியா குழும நிறுவனம் ஒன்றின் மீதான புகாரில் போலீஸ் சோதனை நடத்தி ஆவணங்களை அள்ளிச் சென்றது. இது ஒருவரைத் தனக்கெதிராகவே சாட்சி சொல்ல வைப்பதாகாதா என்பதுதான் அங்கே கேள்வி. ஆகாது என்று எட்டு நீதிபதிகள் சொன்னார்கள். போகிற போக்கில், அமெரிக்காவில் உள்ளதுபோன்ற அந்தரங்க உரிமையை நம் சாசனத்தை இயற்றியவர்கள் சேர்க்கவில்லை, அதை நாம் இறக்குமதி செய்யக் காரணமில்லை என்றும் ஒரு வாக்கியம் எழுதினார்கள்.

1962இல் கரக் சிங். உத்தரப் பிரதேசக்காரர், கொள்ளை வழக்கில் ஆதாரமில்லாமல் விடுவிக்கப்பட்டவர். ஆனாலும் போலீஸ் அவரைக் கண்காணிக்க அவர் பெயரில் சரித்திரப் பதிவேடு திறந்து, நடுராத்திரியில் வந்து கதவைத் தட்டியது. ஆறு நீதிபதிகள் விசாரித்தார்கள். இரவில் கதவைத் தட்டுவது, உயிருக்கும் தனிமனிதச் சுதந்திரத்துக்கும் காப்பளிக்கும் பிரிவு 21க்கு விரோதம் என்று, அதை அனுமதித்த போலீஸ் விதியை ரத்து செய்துவிட்டு, அந்தரங்கம் அடிப்படை உரிமை அல்ல என்றும் பெரும்பான்மை நீதிபதிகள் அதே தீர்ப்பில் எழுதினார்கள். அந்தரங்கம் உரிமையே இல்லையென்றால் கதவைத் தட்டியதில் என்ன தப்பு? இந்த முரண்பாடு ஐம்பத்தைந்து வருடம் அப்படியே கிடந்தது. கே. சுப்பாராவும் ஜே.சி. ஷாவும் மட்டும், அந்தரங்கமும் உரிமையே என்று அன்றே மாற்றுத் தீர்ப்பு எழுதியிருந்தார்கள்.

அதற்குப் பிறகு சின்ன அமர்வுகள், அதாவது குறைந்த எண்ணிக்கையில் நீதிபதிகள் சேர்ந்து விசாரிக்கும் குழுக்கள், அந்த உரிமையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டின. 1975இல் கோவிந்த் வழக்கில் மூவர், அப்படி ஓர் உரிமை இருப்பதாக வைத்துக்கொண்டால் என்று தயங்கித் தயங்கி எழுதினார்கள். 1994 வழக்கு தமிழ் வாசகர்களுக்குத் தெரிந்ததுதான். ஆட்டோ சங்கரின் சுயசரிதையை 'நக்கீரன்' வெளியிடுவதைச் சிறை அதிகாரிகள் தடுக்கப் பார்த்தார்கள். பத்திரிகையை முன்கூட்டியே தடுக்க அரசுக்கு அதிகாரமில்லை, நீதிமன்ற ஆவணம் போன்ற பொதுப்பதிவில் உள்ளதை வெளியிடலாம் என்று இருவர் அமர்வு சொன்னது. கூடவே, பிரிவு 21க்குள் அந்தரங்க உரிமை அடங்கியிருக்கிறது என்றும் தெளிவாக எழுதியது. சாசன நூல்களில், இதழாசிரியர் பெயரால், ராஜகோபால் வழக்கு என்று அது இன்றும் பேசப்படுகிறது.

இடைஞ்சல் இங்கேதான். உச்ச நீதிமன்றம் அறிவித்த சட்டம் நாட்டின் எல்லா நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும் என்கிறது பிரிவு 141. உச்ச நீதிமன்றத்துக்குள் கணக்கு வேறு. சின்ன அமர்வு பெரிய அமர்வை மீற முடியாது. சம எண்ணிக்கை அமர்வுக்கு முந்தைய தீர்ப்பு தப்பு என்று பட்டாலும் அதை ரத்து செய்ய முடியாது. பெரிய அமர்வுக்கு அனுப்பச் சொல்லத்தான் முடியும். ஆதார் அந்தரங்கத்தை மீறுகிறது என்று தொடுக்கப்பட்ட வழக்கில் ஒன்றிய அரசின் அட்டர்னி ஜெனரல் 2015இல் இந்தக் கணக்கைத்தான் கையில் எடுத்தார். எட்டுப் பேரும் ஆறு பேரும் இல்லையென்று சொன்னதை இரண்டு பேரும் மூன்று பேரும் எப்படி உண்டு என்று சொல்லலாம் என்று கேட்டார். சட்ட நுணுக்கப்படி அது வலுவான வாதம். மூவர் அமர்வு வழக்கை மேலே அனுப்பியது. 2017 ஜூலை 18 அன்று ஐவர் அமர்வு கூடி, எட்டைத் தாண்ட ஒன்பது வேண்டும் என்று தீர்மானித்தது. மறுநாளே விசாரணை தொடங்கியது. அன்று நீதிமன்றத்தின் முழுப் பலமே 31 நீதிபதிகள்தான். அதில் ஒன்பது பேர் ஒரு வழக்கில் உட்கார்ந்தால் மற்ற அமர்வுகள் குறையும், வழக்குகள் தேங்கும். பெரிய அமர்வுகள் அபூர்வமாகவே கூடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இந்த ஆதார் வழக்கைத் தொடுத்த கே.எஸ். புட்டசாமி உங்கள் ஊர்க்காரர், கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி. 2012இல் மனுப் போட்டபோது அவருக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது பேரும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். ஆறு தனித்தனித் தீர்ப்புரைகள், 547 பக்கம்.

தங்களுக்குப் பிடித்த உரிமை ஒன்றை அவர்கள் எழுதிச் சேர்த்துவிட்டார்கள் என்று நினைத்தால் தவறு. எம்.பி. சர்மாவின் அந்த வாக்கியம் வழக்கின் கேள்விக்கு வெளியே சொன்னது. தீர்ப்பில் எந்தக் காரணம் இல்லாவிட்டால் முடிவே நிற்காதோ, அதைத்தான் வழக்கறிஞர்கள் ரேஷியோ என்பார்கள். பின்னால் வருபவர்களைக் கட்டுவது அதுதான். மற்றது ஓபிட்டர், யோசனைக்கு உதவும், கட்டாது. கரக் சிங் தீர்ப்பு 1950ஆம் ஆண்டின் கோபாலன் வழக்கைத் தூணாகக் கொண்டது. ஒவ்வோர் உரிமையும் தனித்தனிப் பெட்டி என்ற பார்வை அது. அந்தத் தூணை 1970இல் வங்கி நாட்டுடைமை வழக்கில் பதினொருவர் அமர்வு இடித்தது. 1978இல் மேனகா காந்தி வழக்கில் எழுவர் அமர்வு மிச்சத்தையும் இடித்தது. ஒன்பது பேர் செய்தது, அடித்தளம் போன கட்டடம் இனி நிற்காது என்று முறைப்படி அறிவித்தது.

உங்கள் சங்கத்தில் யாராவது சட்டம் படித்தவர் இருந்தால் இன்னும் கூர்மையாகக் கேட்கலாம். வீட்டுச் சோதனைக்கும் கடித ரகசியத்துக்கும் பாதுகாப்புத் தரும் யோசனைகள் அரசியல் நிர்ணய சபைக் காலத்தில் வந்தன, கைவிடப்பட்டன. அப்படியிருக்க நீதிமன்றம் அதைப் பின்வாசல் வழியாக நுழைக்கலாமா? அரசுத் தரப்பும் இதைச் சொன்னது. கைவிடப்பட்டது அந்த இரண்டு குறிப்பிட்ட பாதுகாப்புகளே, உயிருக்கும் சுதந்திரத்துக்கும் உள்ளே அடங்கியவை எல்லாம் அல்ல என்பது நீதிமன்றத்தின் பதில். எனக்கு அது சரியாகவே படுகிறது. ஆனால் எல்லா விரிவும் இப்படிச் சரியென்று சொல்லமாட்டேன். நீதிபதி நியமனத்தில் தலைமை நீதிபதியுடன் 'கலந்தாலோசனை' என்றுதான் சாசனம் எழுதியிருந்தது. அவருடைய ஒப்புதல் கட்டாயம் என்ற யோசனையை 1949 மே மாதம் அம்பேத்கரே சபையில் மறுத்தார். 1993இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தச் சொல்லுக்கு ஏறத்தாழ ஒப்புதல் என்றே பொருள் கொண்டது. நீதிபதிகளே நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்கும் கொலீஜியம் அப்படி வந்ததுதான். ஓட்டு வாங்காதவர்கள் என்ற உங்கள் அண்டைவீட்டார் கவலைக்கு அங்கே முழு நியாயம் உண்டு.

ஓட்டு வாங்கியவர்களுக்கு மறுமொழி சொல்ல வழியில்லை என்பதும் உண்மையல்ல. 1951 ஏப்ரலில் செண்பகம் துரைராஜன் வழக்கில் கல்லூரி இடங்களைச் சாதி, மத வாரியாகப் பங்கிட்ட சென்னையின் வகுப்புவாரி ஆணை ரத்தானது. இரண்டே மாதத்தில் நாடாளுமன்றம் முதல் திருத்தம் கொண்டுவந்து பிரிவு 15(4)ஐச் சேர்த்தது. கல்வியில் இன்றைய இட ஒதுக்கீடு நிற்பது அந்தத் திருத்தத்தின் மேல்தான். இதற்கும் ஓர் எல்லை வந்தது. 1973இல் கேசவானந்த பாரதி வழக்கில் பதின்மூன்று பேரில் ஏழு பேர், சாசனத்தைத் திருத்தலாம், அதன் அடிப்படைக் கட்டமைப்பைச் சிதைக்கக் கூடாது என்றார்கள். நெருக்கடி நிலையின்போது 42வது திருத்தம், எந்தத் திருத்தத்தையும் எந்த நீதிமன்றத்திலும் கேள்வி கேட்க முடியாது என்று எழுதிவைத்தது. 1980இல் அதை ரத்து செய்த வழக்கின் பெயர் மினர்வா மில்ஸ். உங்கள் பெங்களூருவின் ஜவுளி ஆலைதான். வரம்புள்ள அதிகாரத்தை வைத்துக்கொண்டு அந்த வரம்பையே அழிக்க முடியாது என்பது அதன் சாரம்.

அமர்வுக் கணக்கை அறியாமல் செய்தி படித்தால் எப்படி ஏமாறுவோம் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே உதாரணம் உண்டு. பட்டியல் சாதிகளுக்குள் உள் ஒதுக்கீடு கூடாது என்று 2004இல் ஐவர் அமர்வு ஆந்திரச் சட்டமொன்றை ரத்து செய்தது. 2009இல் தமிழ்நாடு 18 விழுக்காட்டுக்குள் அருந்ததியருக்கு 3 விழுக்காடு தந்தபோது அந்தத் தீர்ப்பு தலைக்கு மேல் தொங்கியது. 2020இல் இன்னொரு ஐவர் அமர்வு, முந்தையது தப்பு என்றது. பத்திரிகைகள் அனுமதி கிடைத்துவிட்டது என்ற தோரணையில் எழுதின. கிடைக்கவில்லை, ஐவரை ஐவர் மாற்ற முடியாதே. 2024 ஆகஸ்ட் 1 அன்று எழுவர் அமர்வு ஆறுக்கு ஒன்று என்று சொன்ன பிறகுதான் அது சட்டமாயிற்று. சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாக்களை ஆளுநர் நிறுத்திவைத்த விவகாரத்திலும் இதே கதை. 2025 ஏப்ரலில் இருவர் அமர்வு தமிழ்நாட்டின் பத்து மசோதாக்களுக்கு ஒப்புதல் கிடைத்ததாகவே கொண்டது, இனி மசோதாக்கள் மீது முடிவெடுக்கக் கெடுவும் விதித்தது. குடியரசுத் தலைவர் கேட்ட கேள்விகளுக்கு நவம்பரில் பதில் சொன்ன ஐவர் அமர்வு, கெடுவையும் அப்படி ஒப்புதலாகக் கொள்வதையும் ஏற்கவில்லை.

ஆகவே யாராவது "உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது" என்று வாட்ஸப்பில் அனுப்பினால், முதலில் அது தீர்ப்பா, இடைக்கால உத்தரவா, விசாரணையின்போது நீதிபதி கேட்ட கேள்வியா என்று பாருங்கள். 'சரமாரிக் கேள்வி', 'காட்டம்' என்று தலைப்பு இருந்தால் பெரும்பாலும் மூன்றாவதுதான், அதற்குச் சட்ட மதிப்பு கிடையாது. தீர்ப்பாக இருந்தால் எத்தனை பேர், யார் யாரோடு ஒத்துப்போனார், எது மாற்றுத் தீர்ப்பு என்பதைப் பாருங்கள். மாற்றுத் தீர்ப்பிலிருந்து ஓர் அழகான பத்தியை வெட்டி, நீதிமன்றத்தின் தீர்ப்பு என்று போடுவது சர்வசாதாரணம். பிறகு அது ரத்தாகாமல் இருக்கிறதா என்று தேடுங்கள். உச்ச நீதிமன்றத் தளத்தில் எல்லாம் இலவசம். தமிழ் மொழிபெயர்ப்பும் பலவற்றுக்கு உண்டு, ஆனால் ஆங்கில மூலமே அதிகாரபூர்வமானது.

தீர்ப்பு வந்தாலும் தரைக்கு வர நாளாகும் என்பதையும் சொல்லவேண்டும். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு 2015 மார்ச் 24 அன்று ரத்தானது. ரத்து என்றால் புத்தகத்திலிருந்து வரி மறைந்துவிடுவதில்லை. வரி அப்படியே இருக்கும், கீழே சின்ன எழுத்தில் அடிக்குறிப்பு வரும். காவல் நிலையத்தில் அடிக்குறிப்பைப் படிக்காமல் எஃப்.ஐ.ஆர். போட்டுக்கொண்டே இருந்தார்கள். தலைமைச் செயலர்களுக்குத் தீர்ப்பு நகல் அனுப்பச் சொல்லி 2019இலும், இனி யார் மீதும் வழக்கு கூடாது என்று 2022இலும் நீதிமன்றம் மறுபடி உத்தரவு போடவேண்டி வந்தது.

இனி உங்கள் கேட்டுக்கு வருவோம். அடிப்படை உரிமைகள் பெரும்பாலும் அரசுக்கு எதிரானவை என்பது சரி; குடியிருப்போர் சங்கம் அரசு அல்ல. 2023 ஜனவரியில் கௌஷல் கிஷோர் வழக்கில் நாலுக்கு ஒன்று என்ற பெரும்பான்மை, 19, 21 பிரிவு உரிமைகளைத் தனியாருக்கு எதிராகவும் கேட்கலாம் என்றது. நடைமுறையில் அது எப்படிச் செயல்படும் என்பது இன்னும் உருப்பெறவில்லை, அதை நம்பி, அடிப்படை உரிமையைக் காக்கக் கேட்டு உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட ஓடவேண்டாம். உங்களுக்கு உதவுவது அந்தரங்கத் தீர்ப்புக்குப் பின்னால் வந்த சாதாரணச் சட்டங்கள். ஒன்பது பேர் தீர்ப்பை அளவுகோலாக வைத்து 2018 செப்டம்பரில் ஆதார் வழக்கை முடித்தபோது, தனியார் நிறுவனங்கள் ஆதாரைக் கேட்க வழிவிட்ட 57வது பிரிவின் பகுதி ரத்தானது. 2019 திருத்தப்படி ஒருவர் விரும்பினால் ஆதாரைக் காட்டலாம். கேட்பவர் ஒப்புதல் வாங்கவேண்டும், ஆதார் எண்ணைச் சேமித்து வைக்கக் கூடாது. 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் நிறைவேறியது, ஆனால் அது படிப்படியாகத்தான் அமலுக்கு வருகிறது. கேட்டில் அடுக்கி வைத்திருக்கும் ஆதார் நகல் கோப்பை அகற்றச் சொல்ல அந்த ஆதார் விதியே போதும். காவலாளிக்குத் தெரியவேண்டியது பெயர், எந்த வீட்டுக்கு வருகிறார், எந்த நேரம் என்பவை மட்டும்தானே.

அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது 547 பக்கத்தையும் தூக்கிப் போகவேண்டாம். கடைசியில் ஒன்பது பேரும் கையெழுத்திட்ட உத்தரவு நான்கே வரிச் செய்தி: அந்தரங்க உரிமை இல்லை என்று சொன்ன அளவுக்கு எம்.பி. சர்மா ரத்து, கரக் சிங்கும் அந்த அளவுக்கு ரத்து, அந்தரங்க உரிமை பிரிவு 21இன் உள்ளார்ந்த பகுதி, கரக் சிங்குக்குப் பிறகு அப்படிச் சொன்ன தீர்ப்புகளே சரி. அந்த ஒரு தாளை மட்டும் நகலெடுத்துச் செயலாளரிடம் கொடுங்கள். அவர் கேட்ட பக்கம் அதுதான். கூடவே, நகல்களை எதற்காக வைத்திருக்கிறோம், யார் பார்க்கலாம், எத்தனை நாளில் அழிப்போம் என்ற மூன்று கேள்விகளைக் கூட்டக் குறிப்பேட்டில் பதியச் சொல்லுங்கள். பை சோதனை பற்றியும் அதே கூட்டத்தில் பேசுங்கள், பையைத் திறந்து காட்டும் பெண்களில் இருவரையாவது உட்காரவைத்துக்கொண்டு.