சினைப்பன்றியின் பசியும் தவிட்டின் கணக்கும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஆறு வெண்பன்றித் தாய்கள் வளர்க்கிறேன். சினையானவற்றுக்குத் தலைக்கு 2 கிலோ அடர்தீவனம் காலையில் போடுகிறேன். கால் மணி நேரத்தில் தொட்டி காலி. பிறகு பகலெல்லாம் கம்பியைக் கடிக்கின்றன, வாயில் நுரை தள்ளுகிறது. இது நோயா?

பதில்: நோயில்லை, பசி. சினைக்காலத்தில் இஷ்டத்துக்குத் தின்னவிட்டால் கொழுப்பு ஏறி, ஈனும்போது திணறும். பால் கொடுக்கும் நாட்களில் தீனி எடுக்காது. அதனால்தான் தின்னக்கூடியதில் ஏறக்குறையப் பாதியை மட்டும் போடுகிறோம். சத்துக் கணக்கு சரியாக இருக்கும், வயிறு நிறையாது. பொழுதெல்லாம் மண்ணைக் கிளறி மென்றுகொண்டே இருக்கப் பிறந்த பிராணி அது. தீனி தீர்ந்ததும் கம்பியை மெல்லும், அதுவும் இல்லாவிட்டால் வெறும் வாயை மெல்லும். அந்த வெண்ணுரை அப்படித்தான் வருகிறது. பசியையும் மெல்லும் தேவையையும் தணிக்கச் சினைப்பன்றிக்கு நார்த்தீவனம் கொடுத்தே ஆக வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் சட்டமே போட்டிருக்கிறது.

நார் வயிற்றில் நீரை உறிஞ்சி உப்பும். பெருங்குடலில் நுண்ணுயிரிகள் அதைப் புளிக்கவைத்து உண்டாக்கும் அமிலங்கள் மணிக்கணக்கில் மெதுவாக இரத்தத்தில் சேர்வதால் அடுத்த தீனி வரை ஆற்றல் ஒரேயடியாகச் சரியாது.

இந்த நாருக்காகத் தவிட்டைக் கூட்டிய தீவனம் இது: 100 கிலோ கலவைக்கு மக்காச்சோளம் 45, கோதுமைத் தவிடு 35, சோயாப் புண்ணாக்கு 11, எண்ணெய் நீக்கிய அரிசித் தவிடு 6, தாது உப்புக் கலவை 2, சுண்ணாம்புத் தூள் அரை, உப்பு அரை கிலோ. 7 முதல் 10 நாளில் படிப்படியாக மாற்றுங்கள். திடீரென மாற்றினால் கழியும். கோதுமைத் தவிட்டில் மக்காச்சோளத்தைவிட ஆற்றல் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. பலர் தவறுவது இங்கேதான்: தவிட்டைக் கூட்டிவிட்டு அதே 2 கிலோவைப் போட்டால் தாய் மெலியும். 2.3 முதல் 2.5 கிலோ வரை கொடுங்கள். மாலையில் 1 முதல் 2 கிலோ வேலிமசால் தழை அல்லது இளம் புல்லை நறுக்கிப் போட்டால் மெல்லவும் வேலை கிடைக்கும். மாதம் ஒருமுறை இடுப்பெலும்பின் மேல் உள்ளங்கையை வையுங்கள். நன்றாக அழுத்தினால் மட்டும் எலும்பு தட்டுப்பட்டால் உடல்நிலை சரி. தொட்டதுமே தட்டுப்பட்டால் தீனி போதவில்லை.

கேள்வி: ரைஸ்மில்லில் தவிடு மலிவாகக் கிடைக்கிறது. அதையே கூட்டிப் போடலாமா?

பதில்: மலிவுத் தவிட்டில் பெரும்பாலும் அரைத்த உமி கலந்திருக்கும். உமியும் நார்தான், ஆனால் மணல்சத்து (சிலிக்கா) மிகுந்தது. குடலில் புளிக்காது, பசியும் ஆற்றாது. ஒரு பிடியைத் தண்ணீரில் போட்டுக் கலக்குங்கள், உமி மேலே மிதக்கும். எண்ணெய் நீக்காத தவிடு சில நாளிலேயே காறல் அடித்துவிடும், புதிதாக மட்டும் வாங்குங்கள். பூசணம் பிடித்த தவிட்டையோ மக்காச்சோளத்தையோ சினைப்பன்றியின் தொட்டிப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். அதில் இருக்கக்கூடிய ஜியரலினோன் என்ற நஞ்சு பெண் ஹார்மோன் போலவே வேலை செய்யும். பிறப்புறுப்பு சிவந்து வீங்குவது, பொய்ப் பருவம், சினை தங்காமல் போவது எல்லாம் அதனால் வரும்.

கேள்வி: நார் கொடுத்தால் குட்டிகள் கூடுமா?

பதில்: ஒரே ஈற்றில் கூடும் என்று வாக்குத் தர மாட்டேன். ஆய்வுகள் இருவிதமாகவும் சொல்கின்றன. அடுத்தடுத்த ஈற்றுகளில் தொடர்ந்து கொடுத்தபோதுதான் பலன் அதிகம் தெரிந்திருக்கிறது. இளம் பெண்பன்றிகளுக்குச் சினைசேர்க்கும் முன்பே சர்க்கரை பீட்ரூட் சக்கை கொடுத்துப் பார்த்ததில் கருமுட்டைகள் நன்றாக முதிர்ந்தன. ஆகவே சேர்ப்பதற்கு முந்தைய 21 நாள் பருவச் சுழற்சியிலேயே தொடங்குங்கள்.

கேள்வி: ஈனும் நேரத்தில் சாணம் ஆட்டுப் புழுக்கை போல வருகிறது. என்ன செய்வது?

பதில்: மலச்சிக்கல் இருந்தால் ஈற்று இழுக்கலாம், வயிற்றிலேயே குட்டிகள் சாகலாம், மடிநோயும் பால் வற்றுதலும் தொடர்ந்து வரலாம். 114 நாள் சினையில் கடைசி வாரம் நாரைக் குறைக்கவே கூடாது. அதைவிட முக்கியம் தண்ணீர். சினைப்பன்றி நாளைக்கு 12 முதல் 20 லிட்டர் குடிக்கும். தண்ணீர் போதாமல் நாரை மட்டும் கூட்டினால் சிக்கல் இன்னும் இறுகும். பன்றி தண்ணீர் குடிக்கும் குழாய்முனையான நிப்பிளை அழுத்தி ஒரு பாத்திரத்தில் பிடித்துப் பாருங்கள், நிமிடத்துக்கு 2 லிட்டராவது வர வேண்டும். ஈனும் நாள் நெருங்கியதும் ஒரே வேளைத் தீனியை மூன்றாகப் பிரித்துப் போடுங்கள், வெறும் வயிற்றில் முக்கக் கூடாது. ஈன்று 3, 4 நாளானதும் தவிட்டைக் குறைத்து மக்காச்சோளமும் சோயாவும் மிகுந்த தீவனத்துக்கு மாற்றுங்கள். பால் கொடுக்கும் தாய்க்கு வயிற்றில் இடமில்லாமல் போகக் கூடாது.