பூஞ்சையின் பசி – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

நுண்ணுயிரியல் முதுகலை படிக்கிறேன். டிரைக்கோடெர்மா ரீஸி என்ற பூஞ்சை, தாவர நாரான செல்லுலோஸைச் சிதைக்கும் நொதிகளைத் தேவைப்படும்போது மட்டுமே சுரக்கிறது. கரையாத செல்லுலோஸ் செல்லுக்குள் நுழைய முடியாது. பிறகு அதற்கு எப்படித் தெரிகிறது? இது பூஞ்சையின் அறிவா? மரபணுவைச் சிதைத்து இதை நொதிக்காக ஆலைகளில் வளர்ப்பது இயற்கைக்கு விரோதம் இல்லையா? இதையெல்லாம் தமிழில் எழுத எனக்குத் தகுதி உண்டா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

தகுதியை எழுதிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். அறிவா என்ற கேள்வியைத் தத்துவக்காரர்களிடம் விட்டுவிடுங்கள்.

பூஞ்சை எப்போதும் துளியளவு நொதியைக் கசியவிட்டபடி இருக்கிறது. அது செல்லுலோஸில் பட்டால் சிறு சர்க்கரைகள் கரைந்து வருகின்றன. அவையும், அவற்றிலிருந்து உருவாகும் சோபோரோஸ் போன்ற சர்க்கரைகளும்தான் தகவல். உடனே எக்ஸ்ஒய்ஆர்1 என்ற புரதம் நொதி மரபணுக்களை முடுக்குகிறது. குளுக்கோஸ் இருந்தால் சிஆர்இ1 என்ற இன்னொரு புரதம் அவற்றை அடக்குகிறது. சோறு வடித்து வைத்திருக்கும் வீட்டில் யார் நெல் குத்துவார்கள்?

சில வாரங்களாக இந்தப் பூஞ்சையின் ரட்-சி30 என்ற வகையைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன், அப்போது பார்த்து உங்கள் 'விரோதம்' வந்து சேர்ந்தது. இரண்டாம் உலகப் போரில் சாலமன் தீவுகளில் அமெரிக்க ராணுவத்தின் கித்தான்களை மக்கவைத்த பூஞ்சைதான் இதன் மூதாதை. பின்னாளில் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் மாண்டெனகோர்ட், எவ்லி என்ற ஆய்வாளர்கள் புற ஊதாக் கதிராலும் ரசாயனத்தாலும் அதைத் தாக்கி, தப்பிப் பிழைத்தவற்றில் அதிகம் சுரப்பதைப் பொறுக்கினார்கள். அயல் மரபணு ஒன்றுகூட நுழையவில்லை. இருந்த கடிவாளம் அறுந்தது, அவ்வளவுதான். (அயல் மரபணு ஏற்றிய வகைகளும் இன்று உண்டு. அந்தச் சண்டையைத் தனியாகப் போடலாம்.) அறுந்தது சிஆர்இ1-இன் மரபணு என்பது 1996-இல்தான் தெரிந்தது. பொறுக்கியவர்களுக்கு அந்தப் பெயரே தெரியாது. செல்லுலோஸ் கலந்த வளர்ப்புத் தட்டில் பூஞ்சைக் காலனியைச் சுற்றித் தெளிந்த வளையத்தைக் கண்ணால் பார்த்தார்கள், எடுத்தார்கள்.

உங்கள் கடிதத்தில் இத்தனை கேள்விகள் இருந்தும் பூஞ்சையின் நிறம் எங்கே? முதலில் வெள்ளை, பிறகு பச்சை வித்துகள், அடியில் அகார் என்ற வளர்ப்புக் கூழில் மஞ்சள் கசிவு. என் கல்லூரி ஆய்வகத்தில் எங்கள் ஆசிரியர் தட்டின் மேல், செல்லுலோஸில் ஒட்டும் காங்கோ சிவப்புச் சாயத்தை ஊற்றி, கால் மணி நேரம் கழித்து உப்பு நீரால் அலசச் சொல்வார். தட்டு முழுக்கச் சிவப்பு. நொதி செல்லுலோஸைத் தின்ற இடம் மட்டும் வெளிறிய வளையம். அதைப் பார்த்த பிறகே பாடப்புத்தகத்தின் அந்த அத்தியாயம் எனக்குப் புரிந்தது. நீங்களோ மரபணுவைத் திரையில் மட்டும் பார்த்துவிட்டு இயற்கைக்காக வழக்காட வருகிறீர்கள்!

கோபிக்காதீர்கள். செல்லுலோஸ் தட்டுகளில் குளுக்கோஸ் சேர்த்தது ஒன்று, சேர்க்காதது ஒன்று. இரண்டிலும் வளர்த்து வளையங்களை அளந்து எழுதுங்கள். ரட்-சி30 கிடைத்தால் அதையும் பக்கத்தில் வையுங்கள். விரோதத்தைப் பற்றி அதற்குப் பிறகு பேசுவோம்.